சொந்த ஊர் எது? - தேயிலை மலையில் நடப்பவர்கள் கேட்கும் கேள்வி



இளையபெருமாள் அவர்களின் நினைவைப் போற்ற நல்லூரில் கூடியிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தலித் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்த தண்ணீர்ப் பானையை உடைத்த சிறுவன் அவர். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்திலிருந்து புறப்பட்டு நாடாளுமன்றம் சென்று, தீண்டாமை பற்றி ஆராய இந்திய அரசு அமைத்த குழுவுக்குத் தலைவராகி, 1969-இல் அறிக்கை கொடுத்தவர். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகள் எட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த உடைந்த பானையை நினைப்பது பொருத்தம்தான். பீங்கான் என்றதும் கோப்பை நினைவுக்கு வரும். கோப்பை என்றதும் டீக்கடை. பெஞ்சில் உட்கார முடியாமல் ஓரமாக நின்று, தனிக் குவளையில் டீ வாங்கிக் குடித்து, அதைத் தாங்களே கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்த பெரியவர்கள் இந்த அவையிலேயே இருக்கிறார்கள். தனிக் குவளையில் ஊற்றிய அந்தத் தேயிலையைப் பறித்த கைகளும் பெரும்பாலும் நம்மவர்களின் கைகளே. இன்றைய சொற்பொழிவு அந்தக் கைகள் இருக்கும் மலைகளைப் பற்றியது. அங்கே இப்போது பொழுதுபோக்காக நடக்கப் போகிறவர்களைப் பற்றியது.

போகிறவர்களில் நாங்களும் உண்டு. எங்கள் மன்றத்தைச் சேர்ந்த சிலர் இலங்கையின் மலையகத்துக்குப் போய், கண்டிக்குத் தெற்கே தேயிலைத் தோட்டங்களின் ஊடாக இரண்டு நாள் நடந்தோம். முதல் நாள் காலையிலேயே ஒரு தவறு செய்தோம். கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு நிறையில் நின்ற பெண்களைப் பார்த்ததும், கேட்காமலே கைப்பேசியை உயர்த்தினோம். ஒரு அம்மா கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டோம். தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம் என்றதும் அவர் முகம் சற்று இளகியது. அப்போது இரண்டாவது தவறு நடந்தது. "உங்க சொந்த ஊர் எதும்மா?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவர் காலடியைக் காட்டி, "இதுதான் தம்பி. வேற எது?" என்றார்.

உறவு தேடும் ஆசையில் கேட்ட கேள்வி அது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த மலையிலிருந்து இறங்கி வந்த பிறகும் அந்தப் பதில் எங்களை விடவில்லை. அந்தக் கேள்வியை அவரிடம் முதலில் கேட்டவர்கள் நாங்கள் இல்லை. கங்காணி கேட்டான், கப்பல் துறையில் அதிகாரி கேட்டார், பிறகு இரண்டு அரசுகள் சட்டம் போட்டுக் கேட்டன. எங்கள் வாயிலும் அதே கேள்விதான் வந்திருக்கிறது. அது அங்கே வந்து சேர்ந்த வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

முதலில் அந்தப் பாதை. கண்டி அருகே அந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் ஒரு நடைத்தடம் அங்கே உருவாகியிருக்கிறது. 300 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 22 பகுதிகள். 'பீக்கோ' தடம் என்று பெயர். பீக்கோ என்பது தேயிலையின் ஒரு தரத்தைக் குறிக்கும் சொல். கொழுந்தின் நுனியில் இருக்கும் வெண்ணிறப் பூம்பஞ்சைச் சுட்டும் சீனச் சொல்லிலிருந்து வந்தது. தடத்தின் பெரும்பகுதி புதிதாக வெட்டியதும் இல்லை. துரைமார் காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளும் மூட்டையும் போய்வரப் போட்ட பழைய வழிகளையே இணைத்திருக்கிறார்கள். நல்ல முயற்சிதான், வழியில் இருக்கும் ஊர்களுக்கு நாலு காசு வருமென்றால் மகிழ்ச்சியே. ஆனால் இலைக்குப் பெயர் வைத்த தடத்தில், அந்த வழிகளை மிதித்துத் தேய்த்த கால்கள் யாருடையவை என்று நடப்பவர் அறிய வேண்டாமா?

பிரிட்டிஷார் கண்டியைப் பிடித்தது 1815-இல். 1823, 1824-ஆம் ஆண்டுகளில் கம்பளைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் பேர்டு என்பவர் காப்பித் தோட்டம் போட்டார். காப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் நிறைய ஆள் வேண்டும். கண்டிச் சிங்கள விவசாயிகள் தோட்டக் கூலிக்கு வர மறுத்தார்கள். அவர்களுக்குச் சொந்த நிலமும் மாடும் இருந்தன. ஆனால் அவர்கள் மேய்ச்சலுக்கும் சேனைப் பயிருக்கும் வைத்திருந்த மேட்டுநிலக் காடுகளை, பத்திரம் இல்லை என்று சொல்லி 1840-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அரசு தன்னுடையதாக்கித் தோட்டக்காரர்களுக்கு விற்றது. தேயிலை மலையைப் பார்க்கும் சிங்களக் குடியானவனுக்கும் அங்கே ஓர் இழப்பு இருக்கிறது. நம் கதையைச் சொல்லும்போது அதையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

நிலம் அங்கே கிடைத்தது. ஆள் இங்கே கிடைத்தார்கள். இந்தியாவில் அடிமை முறையைச் சட்டம் கைவிட்டது 1843-இல். ஆனால் பண்ணையாளும் படியாளும் சட்டப் புத்தகத்தில் மட்டுமே விடுதலை பெற்றார்கள். குடியிருந்த மனையும் மிராசுதாரருடையது, வாங்கிய கடனும் அவருடையது. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சை, சேலம், இரண்டு ஆர்க்காடு மாவட்டங்கள் ஆகிய பகுதிகளிலிருந்து ஆட்கள் புறப்பட்டார்கள். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் இன்னும் பலரைத் துரத்தியது. போனவர்களில் பெரும்பகுதி பறையர், பள்ளர், சக்கிலியர். 'கண்டிக்குப் போயிட்டான்' என்று நம் கிராமங்களில் சொன்ன பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறு.

அவர்கள் நடந்தே போனார்கள். ஊரிலிருந்து கடற்கரை வரை நடை. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினால், அங்கிருந்து வறண்ட காட்டின் ஊடாக மாத்தளை வரை மீண்டும் நடை. வடக்குப் பாதை என்று அதற்குப் பெயர். தண்ணீர் இல்லை, வாந்திபேதி உண்டு, காட்டு விலங்கும் உண்டு. நடக்க முடியாதவரைக் கூட்டம் விட்டுவிட்டுப் போனது. 1840-களில் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, ஏறக்குறைய 70,000 பேர், மாண்டிருக்கக் கூடும் என்று 1849-இல் ஒரு கொழும்புப் பத்திரிகை கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை இன்று சிலர் மிகை என்கிறார்கள். பாதியாகக் குறைத்தாலும் அது 35,000 பிணம். அவற்றில் ஒன்றுக்கும் கல்லறை இல்லை. உயிரோடு மாத்தளை சேர்ந்தவர்கள் முதலில் கும்பிட்டது அங்கிருக்கும் முத்துமாரியம்மனை என்று மலையக மக்கள் சொல்வார்கள்.

2023-இல் அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அதே வழியில் மறுபடி நடந்தார்கள். மலையகத்துக்கு 200 ஆண்டு நிறைந்ததை ஒட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் ஜூலை 28-ஆம் நாள் தலைமன்னாரில் கூடி, வெயிலில் நடந்து, ஆகஸ்ட் 12-இல் மாத்தளையை அடைந்தார்கள். வழியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுக்குத் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். செத்தவர்களுக்கு அஞ்சலி, தங்கள் வரலாற்றுக்கும் உழைப்புக்கும் அங்கீகாரம், வீடு கட்ட நிலம், சமமான குடியுரிமை - இவை அவர்கள் நடந்ததன் காரணங்கள். மலையகத்தில் நடக்க விரும்புகிற எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் நடை அதுதான் என்று கருதுகிறோம்.

இலைத்துரு நோய் 1869-இல் காப்பியைத் தாக்கியது. சில ஆண்டுகளில் காப்பித் தோட்டங்கள் அழிந்தன. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இதனால் நம் மக்களின் வாழ்க்கையும் மாறியது. காப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே குடும்பமாகத் தங்கினார்கள். தங்க வைக்க லயம் கட்டினார்கள்: வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, முன்னால் சிறு திண்ணை.

லூல்கந்துரையில் டெய்லர் உட்கார்ந்த கல் இருக்கையைச் சுற்றுலாக்காரர்கள் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள். 1892-இல் அவர் இறந்தபோது தோட்டத் தொழிலாளர்கள் முறைவைத்து அவர் உடலைக் கண்டி வரை தோளில் சுமந்து நடந்தார்கள் என்று தேயிலை வரலாறு எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள். கண்டியில் அவர் கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

கங்காணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவன் நம் ஊரிலிருந்து போனவன்தான். பெரும்பாலும் நம் சேரிக்காரன் இல்லை, சாதி இந்து. முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போவான். அந்தக் கடன் தீராது. ஆளுக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். அந்தக் கடனை ஏற்கும் தோட்டத்துக்குத்தான் ஆள் மாற முடியும். துண்டு முறை 1921-இல்தான் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லையைக் கழுத்தில் கட்டி அனுப்பும் முறையும் வந்தது. தகரத்தில் இருந்த எண்தான் அவர்களுக்கு ஊர்ப்பெயரும் முகவரியும் ஆனது.

சாதியும் கப்பலேறியது. தோட்டத்தில் சாதி இந்துக்களுக்குக் 'குடியானவர்' என்று பெயர். அவர்களுக்கு ஒரு லயம், நம்மவர்களுக்கு வேறு லயம். விடியுமுன் வேலைக்கு எழுப்பத் தப்பு அடித்தார்கள். பெரட்டுத் தப்பு என்பார்கள். இங்கே சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கவைத்த அதே கருவியை, அதே சாதிக்காரன் கையில் கொடுத்து, அங்கே துரையின் கடிகாரமாக்கினார்கள். ஆனால் அதே தப்பு மாசி மாதத்தில் காமன் கூத்துக்கும் முழங்கியது. இரவெல்லாம் ஆடி, காமன் எரிந்ததும் அழுது, மறுநாள் பெரட்டுக்களத்துக்குப் போனார்கள். பொன்னர் சங்கர் கதையும் அருச்சுனன் தபசும் தோட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

அந்த மக்கள் கொண்டுபோன சாமிகளோடு, அங்கேயே பிறந்த சாமிகளும் உண்டு. தேயிலைத் தொழிற்சாலையின் பெரிய சக்கரத்துக்கு ரோதை என்று பெயர். அதற்குக் காவல் ரோதைமுனி. செடியை வெட்டிவிடும் கவ்வாத்து வேலைக்குக் கவ்வாத்துச்சாமி. தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்திலும் ரோதைமுனிக்குக் கோயில் கிடையாது. இருக்க வழியும் இல்லை. ஒரு மக்கள் ஓர் இடத்துக்குச் சொந்தமாகிவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? தாங்கள் அஞ்சும் இயந்திரத்துக்கும் பிழைக்கும் செடிக்கும் சாமி கண்டவர்கள் அந்த மண்ணின் மக்கள்.

அரசுகள் இந்தச் சான்றை ஏற்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு வந்தது 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம். அந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தகப்பன் அங்கே பிறந்ததற்கோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று வேண்டும் என்றது சட்டம். லயத்து அறையில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்று யார் எழுதினார்கள்? மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். 1949-இல் வாக்குரிமையும் போனது.

'உங்கள் சொந்த ஊர் எது?' என்ற கேள்விக்குச் சட்ட வடிவம் இதுதான்.

இந்தியாவும் இலங்கையும் 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டன. 9,75,000 பேரைப் பங்கு வைத்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு வைக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று குடும்பங்கள் உடைந்தன. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தலைமன்னாரில் கப்பலேறி, பார்த்தே அறியாத 'தாயகம்' வந்து சேர்ந்தார்கள். நீலகிரியில் குடியேறியவர்களில் பலர், அவர்களுக்கென்று 1968-இல் தொடங்கிய அரசு தேயிலைத் தோட்டங்களில் - இன்றைய டான்டீ - மறுபடியும் கொழுந்துக் கூடையை மாட்டினார்கள். இந்தியக் கடவுச்சீட்டோடு வந்தவர்களை இங்கே 'சிலோன்காரர்' என்றார்கள். அங்கே இந்தியர், இங்கே சிலோன்காரர். நாடற்ற நிலை முழுதாக ஒழிய இலங்கையில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் மட்டும் நடந்த கொடுமை என்று நினைத்துவிட வேண்டாம். திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையை எடுத்துக்கொள்வோம். சிங்கம்பட்டி ஜமீன் நிலத்தில் 1929-இல் பாம்பே பர்மா நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை. வேலைக்கு ஏறியவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். கூலியும் மற்ற உரிமைகளும் கேட்ட அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-ஆம் நாள் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணி ஆற்றில் 17 பேர் உயிர் போனது. 2024-இல் நிறுவனம் தோட்டத்தை மூடி, நான்கு தலைமுறையாக மலையில் இருந்தவர்களைக் கீழே இறங்கச் சொன்னது. வனத்தைக் காப்பது வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பு இல்லை. ஆனால் மாஞ்சோலையின் பனியைப் படமெடுத்துக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் அந்த மக்கள் எங்கே போவார்கள் என்று கேட்டார்கள்?

தேயிலை மலைகளுக்குப் போகிறவர்களிடம் 'உள்ளூர்ப் பண்பாட்டை மதியுங்கள்' என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. கோயிலில் செருப்பைக் கழற்றுங்கள், ஆடையைக் கவனியுங்கள், குப்பை போடாதீர்கள் என்பார்கள். எல்லாம் சரி. நாங்கள் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறோம்.

கொழுந்து எடுப்பவரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவருக்கு நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. அது குறைந்தால் முழுப் பேர் விழாது, அரைப் பேர்தான். உங்களுக்காகச் சிரித்து நிற்கும் நேரம் அவர் கூலியிலிருந்து போகிறது. 1,000 ரூபாய் நாட்கூலிக்கு அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடி, 2021-இல்தான் அது அரசிதழில் ஏறியது என்பதை நினைவில் வையுங்கள்.

லயத்துக்குள் வேடிக்கை பார்க்க நுழையாதீர்கள். அந்தத் திண்ணை பொது வழி போலத் தெரியலாம். அது ஒரு குடும்பத்தின் வாசல். யாராவது உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தால், உட்கார்ந்து குடியுங்கள். தனிக் குவளையின் வலி தெரிந்த நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

பங்களாவின் வரலாற்றைக் கேட்பவர்கள் லயத்தின் வரலாற்றையும் கேளுங்கள். அப்புத்தளைக்கு மேலே லிப்டன் உட்கார்ந்து பார்த்த இடத்துக்கு ஏறுகிறவர்கள், 2014 அக்டோபர் 29-இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதைந்ததையும் தெரிந்துகொண்டு ஏறுங்கள். ஆபத்தான சரிவு என்று தெரிந்த இடத்தில் அந்த மக்கள் குடியிருந்தார்கள், ஏனென்றால் போவதற்கு அவர்களுக்குச் சொந்தமாக வேறு நிலம் இல்லை. வீடு கட்ட 7 பேர்ச் காணி என்று ஒரு கட்டத்தில் அரசு சொன்னது; நம் கணக்கில் நாலரை சென்ட்டுக்கும் குறைவு. அதுவும் எல்லோருக்கும் வந்து சேரவில்லை. பஞ்சமி நிலத்துக்கு 1892-இல் ஆணை வந்தும் இன்றுவரை அந்த நிலத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கதை புரியும்.

கடைசியாக, அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள். நம் ஊர்களில் 'எந்த ஊரு? எந்தத் தெரு?' என்று ஒருவர் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று நமக்குத் தெரியும். ஊரின் பெயருக்குப் பின்னால் சாதியைத் தேடுகிறார். பதில் சொல்லும்போது நம் குரல் ஏன் ஒரு கணம் தயங்குகிறது என்றும் தெரியும். அப்படியிருந்தும் தேயிலை மலையில் ஏறியதும் நாங்களே அதைக் கேட்டோம். கேட்டவர் உறவோடு கேட்டார். கேட்கப்பட்டவருக்கு அது 200 ஆண்டாகக் காதில் விழும் பழைய கேள்வி. நீ இங்கே உள்ளவள் இல்லை என்பதுதான் அதன் உட்பொருள். உள்ளூர்ப் பண்பாட்டை மதிப்பது, அங்கே இருப்பவரை உள்ளூர்க்காரர் என்று ஏற்பதில் தொடங்குகிறது. குடிசன மதிப்பீட்டில் நீண்ட காலம் 'இந்தியத் தமிழர்' என்று எழுதப்பட்டவர்கள் தங்களை 'மலையகத் தமிழர்' என்று சொல்லிக்கொள்வதற்கும் பொருள் அதுவே.

அப்படியானால் நம் வேர்த் தேடல் என்ன ஆவது என்று இளைஞர்கள் கேட்கலாம். தேடுவோம், ஆனால் அந்தப் பொறுப்பை நாம் எடுத்துக்கொள்வோம். கூடையோடு நிற்கும் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். நல்லூர் ஒன்றியத்திலும் விருத்தாசலத்தைச் சுற்றியும் இருக்கும் நம் சேரிகளில், கண்டிக்குப் போனவர்கள் என்று பாட்டிகள் சொல்லும் பெயர்களை எழுதிவைப்போம். யார், எந்தப் பஞ்சத்தில், யாருடைய கடனுக்காகப் போனார், திரும்பி வந்தாரா, கடிதம் வந்ததா என்று கேட்போம். இந்தப் பெயர்கள் இங்கே பதிவாகியிருந்தால், மலையிலிருந்து என்றாவது ஒருவர் தாமாகத் தேடி வரும்போது காட்டுவதற்கு நம் கையில் ஒரு நோட்டு இருக்கும். எங்கள் மன்றம் இந்த ஆண்டே அந்த வேலையைத் தொடங்குகிறது. இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் தம் தெருவில் ஒரு பெயரையாவது கேட்டு எழுதித் தர வேண்டுகிறோம்.

அன்று மாலை மலையிலிருந்து இறங்கும்போது, காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே அம்மாவை லயத்து வாசலில் பார்த்தோம். "வாங்க, டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். எங்களுக்கும் அவர் வீட்டாருக்கும் ஒரே மாதிரிக் கோப்பை. குடித்துவிட்டு, கழுவிவைக்க நாங்கள் எழுந்தோம், பழக்கம். "அங்கேயே வைங்க தம்பி" என்று அவர் கோப்பைகளை வாங்கிக்கொண்டார்.